நல்ல துணி வாசம்

பேசிக்கொண்டே வந்த அண்ணன் பாதியில் நின்றுவிட்டார்.

நாங்கள் நின்றது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில். தொழிற்சாலையை எங்கள் தோட்டங்களில் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். சல்லடைகள் ஆடி ஓய்ந்திருந்தன. அன்றைய தூள் தரம் தரமாகத் தரையில் குவிந்து கிடந்தது. "இங்க பாருங்க, பெருசு இங்கிட்டு விழும், சிறுசு அங்கிட்டு..." என்று கையை நீட்டியவர், நீட்டிய கையை இறக்கவில்லை. மூக்கை மட்டும் தூக்கினார்.

என் மாணவர்கள் கொப்பியும் பென்சிலுமாக அவரைச் சுற்றி நின்றார்கள். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எழுதக் காத்திருந்தார்கள்.

"யாரு என்னா பூசிக்கிட்டு வந்திருக்கீங்க?"

குரல் உயரவில்லை. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், என் அண்ணனுக்கு இறங்கும்.

"ஒண்ணும் பூசலைங்க ஐயா. மிஸ் பவுடரைக்கூட வேணாம்னுட்டாங்க" என்றார் ராமையா மாஸ்டர். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் அறையில் ஏதோ ஒரு வாசம் இருந்தது, அது தேயிலை வாசம் இல்லை.

சனிக்கிழமை வகுப்பு

அது என்ன வகுப்பு, அந்தக் கூட்டம் ஏன் அங்கே போனது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. நான் இலங்கை மலையகத்தில், பதுளையில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அதே ஊரில், வெளிவாரிப் பட்டப்படிப்புக்காக நடந்த ஒரு வகுப்புக்கும் போவேன். படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். கிழமை நாட்களில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறி வந்து மாணவர்களாக உட்காருவார்கள். வெலிமடைப் பக்கமிருந்து ராமையா மாஸ்டர் வருவார். பஸ்ஸில் லீக்ஸ் மூட்டைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த அன்று வகுப்பு முழுக்க லீக்ஸ் வாசம்தான். என்னைவிட வயதில் எவ்வளவோ பெரியவர், ஆனால் என்னை 'மிஸ்' என்பார். நான் அவரை 'மாஸ்டர்' என்பேன். இதில் யார் யாருக்குப் படிப்பித்தோம் என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

என் தலையில் கட்டப்பட்ட பாடத்தின் பெயர் 'இரசாயனச் செய்முறைக் கைத்தொழில்கள்: ஓர் அறிமுகம்'. முதலாம் வருடப் பாடம். வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றதால் என்னிடம் வந்தது. சல்பூரிக்கமிலம், எரிசோடா, சீமெந்து, சீனி, கடதாசி, சவர்க்காரம். எதை எதிலிருந்து எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் பாடம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் புத்தகத்தில் இருந்த தொழிற்சாலைகள் எல்லாம் கடல் கடந்த நாடுகளில் இருந்தன. எங்களில் ஒருவர்கூட ஒரு எரிசோடாத் தொழிற்சாலையின் கேட்டைப் பார்த்தவர் இல்லை.

பெட்டிகளும் அம்புகளும்

இந்தப் பாடத்தில் எல்லாமே பெட்டிதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி போட வேண்டும். உள்ளே போகும் பொருளுக்கு ஒரு அம்பு, வெளியே வருவதற்கு ஒரு அம்பு. பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்துக்கொண்டே போனால் ஒரு தொழிற்சாலை முழுதாகக் கரும்பலகைக்கு வந்துவிடும். உள்ளே போனதெல்லாம் ஏதாவது ஒரு வழியில் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் நீங்கள் எங்கேயோ ஒரு அம்பை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை சல்பூரிக்கமிலத்துக்குப் பெட்டி போட்டுக் கை வலித்துத் திரும்பினேன். ராமையா மாஸ்டர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாஸ்டர்?"

"இல்ல மிஸ், இம்புட்டுப் பெட்டி போட்டீங்க. ஒரு பெட்டியிலயும் ஆளையே காணோமே?"

வகுப்பு சிரித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. புத்தகத்தில் ஆள் இல்லை, நான் எங்கே போய் ஆள் பிடிப்பேன்? ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி விடவில்லை. இவர்களுக்கு ஒரு தொழிற்சாலையைக் கண்ணால் காட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது. கொழும்புக்கெல்லாம் எங்களால் போக முடியாது. பக்கத்தில் இருந்தது தேயிலைதான்.

தேயிலையில் என்ன இரசாயனம் என்று கேட்காதீர்கள். கேட்டவர்களிடம் சண்டை பிடித்திருக்கிறேன். கொழுந்தை வாட்டுவது, உருட்டிக் கசக்குவது, காற்றோடு சேர்ந்து நிறம் மாற விடுவது, காயவைப்பது, சலிப்பது. ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்து நிறம் மாறுவது அசல் ஒட்சியேற்றம்.

அண்ணியின் ஜன்னல் துணி

என் அண்ணன் மாரிமுத்து அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்ன டீமேக்கர். ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளப் பெரிய டீமேக்கர் ஒருவர், அவருக்கு அடுத்தவர் சின்ன டீமேக்கர். தூளுக்கு என்ன நடந்தாலும் இவர்கள் இருவர் தலைதான் உருளும்.

அந்த வருடம் பெரியவர் ஓய்வுபெறப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்குத்தான் அந்த இடம் என்று தோட்டமே பேசிக்கொண்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருவர் அந்த ஸ்டோருக்குப் பெரிய டீமேக்கராக வந்ததே கிடையாது. அண்ணன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அண்ணி அப்படியில்லை. அந்த வேலையோடு கிடைக்கும் பெரிய டீமேக்கர் வீட்டு முன் ஜன்னல் அகலத்தை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, பதுளைக் கடைத்தெருவில் பச்சைப் பூப்போட்ட திரைத்துணி வாங்கி வந்து பெட்டியில் வைத்துவிட்டார். "கெடைக்கலன்னா?" என்று கேட்டேன். "ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று என்னை விரட்டினார்.

இந்த நேரத்தில்தான் நான் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் தோட்டத்து மேனேஜரான துரையிடம் கேட்டார். துரை யோசித்துவிட்டுச் சரி என்றாராம். "ஆனா ஒண்ணு கெட்டாலும் மாரிமுத்து பொறுப்பு" என்றும் சொன்னாராம்.

அதுவும் சீசன் நேரம். மலைக்கு அந்தப் பக்கம் மழை, எங்கள் பக்கம் காய்ந்த காற்று வீசும் ஆடி மாதம். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன அந்த வாசம் ஏறும். வருடம் முழுக்கச் செய்கிற தூள் ஒரு பக்கம், அந்தச் சில கிழமைத் தூள் ஒரு பக்கம். அதைக் கொழும்பில் கோப்பையில் ஊற்றி, உறிஞ்சிப் பார்த்துத்தான் தோட்டத்தின் பெயரையே எடைபோடுவார்கள். தேயிலைக்கு ஒரு குணம் உண்டு, பக்கத்தில் எந்த வாசம் வந்தாலும் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குப் பக்கத்தில் மீன்கூட வறுக்க விடமாட்டார்கள்.

அதனால் போவதற்கு முந்திய சனிக்கிழமையே வகுப்பில் கண்டிப்பாகச் சொன்னேன். பவுடர் வேண்டாம், சென்ட் வேண்டாம், பூ வேண்டாம், தலைக்கு எண்ணெய் வேண்டாம், நெற்றிக்குச் சந்தனமும் வேண்டாம்.

"பல்லு வெளக்கலாமா மிஸ்?" என்றார் ராமையா மாஸ்டர்.

பெட்டியைத் திறந்த காலை

பதுளையிலிருந்து காலை ரயிலில் போனோம். சந்திரகலா என்று ஒரு மாணவி. அண்ணன் வேலை செய்யும் அதே தோட்டத்தில் பிறந்தவள், பக்கத்துத் தோட்டத்தில் ஆசிரியை. முதல் நாளே வீட்டுக்குப் போய்விட்டு, அப்புத்தளை ஸ்டேஷனுக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அந்தக் காற்றில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அதுவும் சும்மா ஸ்வெட்டர் இல்லை, இருப்பதில் நல்லது. பிள்ளைகளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஏன் நல்லதைப் போட்டார்கள் என்றால், அன்றைக்கு நாங்கள் ஸ்டோருக்குள் முன்வாசலால் போகப் போகிறோம். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே பிறந்து, அதன் சங்குச் சத்தத்தில் எழும்பி, அதன் வாசத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் வேலைக்கு இல்லாதவன் உள்ளே கால் வைக்க முடியாது. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பக்கவாசல். முன்வாசல் துரைக்கும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காரில் வருகிறவர்களுக்கும்.

நாங்கள் முன்வாசல் படியில் ஏறும்போது மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தலைக்கு மேலே கையை ஆட்டினாள்.

"எங்கம்மா மிஸ்" என்றாள் சந்திரகலா. அவளும் கையை ஆட்டினாள். பிறகு வெட்கப்பட்டு இறக்கிக்கொண்டாள்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போனது. பச்சைக் கொழுந்து செம்பு நிறத்துக்கு மாறிக் கிடந்த அறையில், இதுதான் ஒட்சியேற்றம் என்று காட்டினேன். ராமையா மாஸ்டர் ஆழமாக மூச்சை இழுத்தார். "அப்ப பொறந்ததுல இருந்து நாம ஒட்சியேற்றத்துக்குள்ளதான் இருந்திருக்கோம். சொல்லவே இல்லியே யாரும்" என்றார். அண்ணன்கூடச் சிரித்தார். அப்புறம்தான் சலிக்கும் அறைக்குப் போனோம்.

கிட்ட வாங்க

இப்போது அந்த அறைக்குத் திரும்பி வருகிறேன்.

அண்ணன் ராமையா மாஸ்டரிடம், "கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். மாஸ்டர் போனார். அண்ணன் குனிந்து அவர் தோளில் மூக்கை வைத்து இழுத்தார். அடுத்து நின்ற சந்திரகலாவைப் பார்த்தார். அவளுடைய மெரூன் ஸ்வெட்டரைத் தொடாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரும் வெளிய போங்க. ஓடாதீங்க, தூசி கெளம்பும். மெதுவா போங்க."

விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றபிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பூச்சி உருண்டை. தகரப் பெட்டியில் துணிக்கு நடுவே போட்டு வைப்பார்களே, அந்த வெள்ளை உருண்டை.

எங்கள் வீடுகளில் நல்ல துணி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். தீபாவளிக்கு, திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் பெரிய டொக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கு, அம்மா பெட்டியைத் திறப்பார். குப்பென்று அந்த வாசம் வரும். எங்களுக்கு அது ஒரு வாசமே இல்லை. நல்ல துணி என்றால் அப்படித்தான் இருக்கும், அவ்வளவுதான். ரயில் பெட்டி முழுக்க அதே வாசத்தோடு வந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. என் ஸ்வெட்டருக்கும் அதே தகரப் பெட்டிதான், அதே உருண்டைதான்.

இதில் கொடுமை என்னவென்றால், திண்மம் திரவமாகாமலே நேரே ஆவியாகும், அதற்குப் பதங்கமாதல் என்று பெயர் என்று நான் சொல்லிக்கொடுத்ததே இந்த உருண்டையை வைத்துத்தான். நப்தலீன். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டது இதே கைதான்.

"அம்மா நேத்தே எடுத்துக் காத்தாடப் போடுறேன்னுச்சு மிஸ். நான்தான் பனி பட்டுரும், வேணாம்னு சொன்னேன்" என்று சந்திரகலா அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் வெளியே வந்தார். கையில் ஒரு பிடி தூள். "லெச்சுமி, இதைப் பாரு."

என் மூக்கில் என் ஸ்வெட்டரே நின்றது. கழற்றிச் சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டு, காற்றுக்கு எதிரே கொஞ்ச தூரம் நடந்து போய் முகர்ந்து பார்த்தேன். முதலில் சீசன் வாசம்தான் வந்தது. அடியில், ரொம்ப அடியில், அது இருந்தது.

இல்லை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அண்ணியின் பச்சைப் பூத்துணி கண்ணுக்குள்ளேயே நின்றது.

"இருக்குண்ணா" என்றேன். "திரும்ப அடுப்புல போட்டு எடுத்தா ஆவியா போயிரும். ஆனா..."

"ஆனா சீசன் வாசமும் சேர்ந்து போயிரும்."

"கொஞ்சந்தான் இருக்கு. மத்த தூளோட கலந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அண்ணன் உள்ளே போய் அந்தக் குவியல் முழுவதையும் தனியே ஒதுக்கச் சொன்னார், ஒரு சாக்கைக்கூட மற்றதோடு சேர்க்கவிடவில்லை. பிறகு மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"தொரைகிட்ட நீயேவா போயி சொல்லப் போற?" என்றேன்.

"வேற யாரு சொல்றது?" என்றுவிட்டு ஒபிசுக்குப் போகும் பாதையில் ஏறினார். ராமையா மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். "ஐயா, நானும் வர்றேன், தப்பு எங்களுதுதானே" என்றார். அண்ணன் திரும்பிப் பார்த்து, "நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் பத்திரமா ரயிலைப் புடிங்க மாஸ்டர்" என்றார்.

பிறகு

மறுநாள் துரை வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றிப் பார்த்தாராம். ஒதுக்கிய தூளில் வாசம் இருந்தது. அது முழுக்க உரக்குழிக்குப் போனது. துரை சத்தம் போடவில்லை. "வந்து சொன்னது சரி" என்று மட்டும் சொன்னாராம்.

பெரிய டீமேக்கர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு ஒருவர் வந்தார். அன்றைக்கு நடந்ததால்தான் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் அண்ணியைப் பார்க்கப் போனபோது அவர் தையல் மெஷினில் இருந்தார். பச்சைப் பூத்துணி இரண்டு துண்டாகியிருந்தது.

"பெரிய ஜன்னலுக்கு எடுத்தது. நம்ம சின்ன ஜன்னலுக்கு ரெண்டா வந்துருச்சு, நட்டமில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன்.

அந்தக் களப்பயணத்துக்குப் பிறகு வந்த வகுப்பில், தேயிலை ஸ்டோருக்குப் பெட்டி போடுங்கள் என்றேன். சந்திரகலா எழுந்து வந்து கரும்பலகையில் வரைந்தாள். கொழுந்து உள்ளே, காற்று உள்ளே, விறகு உள்ளே, நீராவி வெளியே. எல்லாம் சரி. பிறகு சலிக்கும் அறைப் பெட்டிக்குள் ஒரு அம்பு போட்டு, அதன் வாலில் 'நாங்கள்' என்று எழுதினாள்.

ராமையா மாஸ்டர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் மிஸ் பெட்டிக்குள்ள ஆள் வந்திருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் அதை அழிக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

முன்வாசல்

அடுத்த வருடம் புது மாணவர்கள் வந்தார்கள். தேயிலைப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். சவர்க்காரம் செய்வதைச் சட்டி வைத்துக் காட்டிவிட்டுப் பாடத்தை முடித்துவிடலாம் என்றிருந்தபோது, பதுளைக்கு வந்த தோட்டத்து லொறிக்காரர் அண்ணன் சொன்னதாக ஒரு செய்தி கொண்டுவந்தார். "இந்த வருசம் புள்ளைங்கள எப்ப கூட்டிட்டு வர்றன்னு கேட்டாரு. தொரைகிட்ட பேசிட்டாராம்."

போனோம். முன்வாசல் படியில் அண்ணன் நின்றிருந்தார். விறகுக் கொட்டகைச் சுவரில் புதிதாக வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். ஸ்வெட்டரெல்லாம் அங்கே தொங்க வேண்டும், உள்ளே அடுப்புச் சூடு இருப்பதால் குளிராது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் படியேற வேண்டும். கோயிலில் திருநீறு வாங்குவதுபோலப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். அண்ணன் குனிந்து ஒவ்வொரு தோளிலும் மூச்சை இழுத்துவிட்டு, "ம், போங்க" என்றார். ஒரு பையனை மட்டும் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

கடைசியில் நான் நின்றேன். ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"எங்க மேல ஒனக்குக் கோவம் வரலியாண்ணா?"

"வந்துச்சு. வராம என்னா?" என்றார். "கொஞ்ச நாளு ஒங்க அண்ணிகூடக்கூட சரியா கதைக்கல." உள்ளே போன பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்பா இந்த ஸ்டோருலதானே அடுப்புக்கு வெறகு போட்டாரு. இந்த வாசல்ல அவரு ஒருநாளும் ஏறினதில்ல. அன்னைக்கு வந்தது நம்ம புள்ளைங்க நல்ல துணி உடுத்திக்கிட்டு இதால ஏறி வந்த வாசம். அதைப் போயி எப்பிடிடி கோவிச்சுக்கிறது?"

அவர் என் தோளருகே குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"சரி, நீ உள்ளுக்குப் போ" என்றார். நான் முன்வாசலால் போனேன்.